முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்கிறோம்?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வாசகி ஒருவர், 2025 ஜூன் 6

வேலைக்குப் போகிறேன். பள்ளிக்கூடம் போகிற பையன் இருக்கிறான். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு கொஞ்ச நேரம் நாவல் படிப்பேன். காதல் கதைதான் அதிகம். இப்போது மந்திரம், வேற்றுலகம், டிராகன் என்று வரும் கதைகளும் பிடித்துவிட்டன. போன வாரம் வீட்டுக்கு வந்த அண்ணன், மேசையில் இருந்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "எல்லாம் ஒரே கதைதானே, கடைசியில் சேரத்தானே போறாங்க? டிராகன் எல்லாம் சின்னப் பசங்களுக்கு. உருப்படியா எதையாவது படி" என்றார். பதில் சொல்ல வரவில்லை. அதிலிருந்து புத்தகத்தைக் கையில் எடுத்தாலே ஏதோ தப்புப் பண்ணுகிற மாதிரி இருக்கிறது. இப்படிப் படிப்பது நேரத்தை வீணாக்குவதுதானா?

பதில்: ஜூன் 6, இரவு

வீண் இல்லை. படியுங்கள்.

அண்ணன் சொன்னதில் ஒன்று உண்மை. கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். அது தெரிந்துதான் அந்தப் புத்தகத்தை எடுக்கிறோம். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது நீங்களும் போய் உட்கார்ந்திருப்பீர்கள். பதினெட்டாம் நாள் துரியோதனன் விழுவான், திரௌபதி கூந்தலை முடிவாள். இது தெரியாமல் யாரும் அங்கே வரவில்லை. படுகளத்தன்று மண்ணைக் குவித்துத் துரியோதனனைப் பூதாகாரமாகப் படுக்க வைத்துவிடுகிறார்கள். அவன் கதி என்ன என்பது கூத்து முடியும் முன்பே தரையில் கிடக்கிறது. இருந்தும் கண் விழித்துப் பார்க்கிறார்கள், அழுகிறார்கள். காதல் நாவலும் அப்படித்தான். சேர்வார்களா என்று தெரிந்துகொள்ள நாம் படிக்கவில்லை. இவ்வளவு பிடிவாதமும் இவ்வளவு பழைய காயமும் உள்ள இந்த இரண்டு பேர் எந்த வழியாக வந்து சேர்கிறார்கள் என்று பார்க்கத்தான் படிக்கிறோம். அந்த வழி சரியாக அமைந்த நாவலும் இருக்கிறது, அமையாத நாவலும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவது பெரிய படிப்புதான்.

ஜூன் 7

படுத்த பிறகு சேக்கிழார் நினைவு வந்தார்.

அண்ணனின் பேச்சு ரொம்பப் பழையது. சோழ மன்னன் அநபாயன் சீவக சிந்தாமணியை ஆசை ஆசையாகப் படித்துக்கொண்டிருந்தானாம். அமைச்சராக இருந்த சேக்கிழாருக்கு அது பொறுக்கவில்லை. கரும்பு இருக்க இரும்பைக் கடிப்பதா, விளக்கு இருக்க மின்மினியில் தீக்காய்வதா என்ற பொருளில் அரசனிடம் சொன்னதாக, உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் சேக்கிழார் வரலாறு சொல்கிறது. அப்படியானால் நல்லதை நீரே எழுதிக் கொடும் என்று அரசன் கேட்க, சேக்கிழார் சிதம்பரத்துக்கு வந்து பெரிய புராணத்தைப் பாடினார் என்பது மரபு. சிதம்பரம் நம் கடலூர் மாவட்டம். இன்பத்துக்காகக் கதை படிக்கிறவனைப் பார்த்து "உருப்படியாகப் படி" என்று சொன்ன மிகப் பெரிய குரலின் பலன், 12-ஆம் நூற்றாண்டில், நம் ஊர்ப் பக்கத்தில்தான் நூலாகப் பிறந்தது.

சரி, அரசன் அப்படி எதில் மூழ்கிக் கிடந்தான்? சிந்தாமணியைத் திறந்தவுடனே சச்சந்தன் என்ற மன்னன் மனைவி விசயையின் மேல் வைத்த மோகத்தில் நாட்டை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்படைத்துவிடுகிறான். அமைச்சன் துரோகம் செய்கிறான். அதற்கு முன்பே மன்னன் ஒரு மயிற்பொறி செய்ய வைத்திருக்கிறான். வானத்தில் பறக்கும் இயந்திர மயில். நிறைமாதக் கர்ப்பிணி விசயையை அதில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் போரில் சாகிறான். மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே பிறக்கிறான் சீவகன். வளர்ந்து எட்டுப் பெண்களை மணக்கிறான். காந்தருவதத்தையை யாழ்ப் போட்டியில் வென்று மணக்கிற இடம் ஒன்று போதும். சொன்னவர் திருத்தக்கதேவர், சமணத் துறவி. கடைசியில் சீவகனே துறவு கொள்கிறான் என்பது வேறு. அதற்கு முன் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டில் காதலும் மாயமும் சாகசமும் கொட்டிக் கிடக்கின்றன.

காதலையும் மாயத்தையும் ஒன்றாகப் பின்னிய கதை வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான புதுச் சரக்கு என்று அண்ணன் நினைத்தால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஜூன் 7, மாலை

காப்பியத்தையும் மாத நாவலையும் ஒரே தட்டில் வைப்பதா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். தரத்தை ஒப்பிடவில்லை ஐயா. ஆட்சேபணையை ஒப்பிட்டேன். சிந்தாமணி இன்று ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று, பாடநூல். அன்று அதைச் சுவைத்தவனுக்குக் கிடைத்தது கண்டிப்பு. உ.வே.சாமிநாதையர் 1887-ல் அதை அச்சிட்டுத் தராமல் போயிருந்தால் இன்று நம்மில் எத்தனை பேர் அந்த மயிலைப் பார்த்திருப்போம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேக்கிழார் மேல் எனக்குக் குறை இல்லை. பிடிக்காத கதைக்கு மாற்றாக அதைவிடச் சுவையாக இன்னொன்றைச் சொல்லிக் காட்டியவர் அவர். பெரிய புராணத்தில் சுந்தரர் பரவையாரைக் கண்டு மயங்குகிற இடத்தைப் படித்துப் பாருங்கள். பிறகு சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த செய்தி கேட்டுப் பரவையார் கதவைச் சாத்துகிறார். ஊடலைத் தீர்க்கச் சிவபெருமானே அர்த்தராத்திரியில் திருவாரூர்த் தெருவில் தூது நடக்கிறார். ஒரு தடவை போய், காரியம் ஆகாமல், இன்னொரு தடவையும் போகிறார். கோபித்துக்கொண்ட பெண்ணின் வாசலில் கடவுளை நிறுத்திய கவிஞருக்குக் காதல் கதையின் ருசி தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜூன் 9

அம்மாவைப் பற்றி எழுத வேண்டும்.

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் இருந்த வீட்டில் ஒரு மர அலமாரி முழுக்க பைண்டு புத்தகங்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள். இதழை வீட்டில் எல்லாரும் படித்து முடித்த பிறகு, அம்மா கத்தி முனையால் பின்னை நெம்பி எடுத்து, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்து அடுக்கி வைப்பார். கதை முடிந்ததும் கோணி ஊசியும் சணலும் வைத்துத் தைத்து, மைதா காய்ச்சிய பசையில் முதுகு ஒட்டி, பழைய காலண்டர் அட்டையை மேலே போடுவார். முன்னால் முருகன், பின்னால் மளிகைக் கடைப் பெயர், உள்ளே காதல் கதை. பக்கத்தின் மறுபுறத்தில் கூந்தல் தைல விளம்பரமோ சமையல் குறிப்பின் பாதியோ இருக்கும். அந்தப் பாதிக் குறிப்புகளில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் முழுமையாகவில்லை.

ஒரு பைண்டில் நடுவே கோடு போட்ட நோட்டுத் தாள்கள் இருக்கும். மழையால் ஒரு வாரம் இதழ் ஊருக்கு வந்து சேரவில்லை. வேறு ஊரில் அதைப் படித்துவிட்டு வந்த எதிர்வீட்டு அத்தை ஒவ்வொரு காட்சியாகச் சொல்ல, அம்மா நீல மையில் எழுதிச் சேர்த்துத் தைத்திருக்கிறார். அத்தைக்கு அந்தக் கதாநாயகனைப் பிடிக்காது. அதனால் அந்த ஒரு அத்தியாயத்தில் மட்டும் அவன் கொஞ்சம் கெட்டவனாக இருப்பான். தெருவில் பல கை மாறி வந்த புத்தகங்கள் அவை. ஓரத்தில் பென்சிலில் "இவன் திருந்த மாட்டான்", "இவளுக்கு வாயே இல்லையா" என்று யாராவது எழுதியிருப்பார்கள். எழுத்தாளரின் பேச்சும் தெருவின் பேச்சும் ஒரே பக்கத்தில் இருந்தன.

அம்மா எட்டாவது வரை படித்தவர். பகல் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்ததிலிருந்து, நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அவருக்கான நேரம். அந்த நேரத்தில் கூப்பிட்டால் "என்ன?" என்பார், கண்ணை எடுக்க மாட்டார். மற்ற நேரமெல்லாம் ஒரு குரல் கொடுத்தால் ஓடி வருகிறவர். புதுப் புத்தகம் யாராவது கொடுத்தால் முதலில் கேட்பது, "கடைசியில சேருவாங்களா?" அதைக் கேட்டுவிட்டுத்தான் பிரிப்பார்.

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் காதல் நாவல் படிக்கிற பெண்களிடம் பேசி 1984-ல் ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்காவின் நடுப்பகுதி ஊர் ஒன்று, பெரும்பாலும் குடும்பப் பெண்கள். அவர்கள் சொன்னதைப் படித்தபோது அம்மா பேசுவதைக் கேட்ட மாதிரி இருந்தது. இந்த நேரம் என்னுடையது, இப்போது யாரும் என்னிடம் எதையும் கேட்க முடியாது என்றிருக்கிறார்கள். முடிவு சந்தோஷம்தானா என்று கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்களும் அவர்களில் இருந்தார்கள். ராட்வேக்கு அந்த நாவல்கள் மேல் விமர்சனம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் படிக்கிறவளிடம் போய் "நீ ஏன் படிக்கிறாய்?" என்று உட்கார்ந்து கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் அம்மாவிடம் அதைக் கேட்டதில்லை.

ஜூன் 10

ஒரு திருத்தம். ஆங்கிலக் காதல் நாவல்களுக்குப் பேர்போன மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம் ஆரம்பத்திலிருந்தே காதல் நாவல் கம்பெனி என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். 1908-ல் லண்டனில் தொடங்கியபோது எல்லா வகையும் போட்டார்கள். காதல் நாவல்தான் நம் தொழில் என்று முடிவெடுத்தது 1930-களில். கனடாவின் ஹார்லெக்வின் பதிப்பகம் 1949-ல் தொடங்கி, 1971-ல் இதை வாங்கிக்கொண்டது.

ஜூன் 10, இரவு

அதோடு தொடர்புள்ள ஒன்று. ஆங்கிலக் காதல் நாவலுக்கு அங்கே வைத்திருக்கும் இலக்கணம் எளிமையானது. கதையின் மையம் காதல். முடிவு நம்பிக்கையும் மனநிறைவும் தர வேண்டும். அவ்வளவுதான். நம் குடும்ப நாவலும் இதற்குள் வரும், ஆனால் நடக்கிற திசை வேறு. அங்கே பெரும்பாலும் கல்யாணத்தை நோக்கிப் போகும். இங்கே எவ்வளவோ நாவல்களில் இரண்டாம் அத்தியாயத்திலேயே தாலி ஏறிவிடும். பிடிக்காமல் நடந்த கல்யாணம், மாப்பிள்ளை மாறிய கல்யாணம், அப்பாவின் கடனுக்காக நடந்த கல்யாணம். அதற்குப் பிறகுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே தொடங்குகிறார்கள். கூடவே மாமியார், நாத்தனார், கொழுந்தன், ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி. அந்தப் பாட்டிக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தில் வாழ்கிற எத்தனையோ பெண்களுக்கு, காதல் பிறகு வரும், வந்தே தீரும் என்பது வெறும் கற்பனை இல்லை. அது அவர்கள் வாழ்க்கையில் நிறைவேற வேண்டிய ஆசை. நல்ல எழுத்தாளர் அதை மதித்து எழுதுவார். அவன் அவளுக்கு எடுத்து வைத்த காபி ஆறிப் போனதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார், நமக்குத் தொண்டை அடைக்கும்.

ஜூன் 13

மாயக் கதைக்கு வருவோம். கேள்வி கேட்டவருக்கு அதில்தான் கூச்சம் அதிகம் என்று தோன்றுகிறது.

தமிழில் இந்த ருசி ஹாரி பாட்டருக்குப் பிறகு வந்தது என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். 1947-லிருந்து அம்புலிமாமா படித்து வளர்ந்த தலைமுறைகள் இருக்கின்றன. அதற்கும் முன்னால் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் திருவிழாக் கடைகளில் விற்றன. அவற்றைப் பெரியவர்கள்தான் வாங்கினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள்.

வேதாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோளில் கிடக்கும் வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் அரசனின் தலை வெடித்துவிடும். பேசினால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி மரத்தில் ஏறிவிடும். நல்ல மாயக் கதைக்குத் தேவையான எல்லாம் இந்த விதியில் இருக்கிறது. மந்திரத்துக்கு ஒரு விலை உண்டு, தப்பிக்க வழி இல்லை, வீரனுக்கு அவனுடைய அறிவே வில்லங்கம். இந்தக் காலத்து எழுத்தாளர்கள் வரைபடமும் அரச வம்சப் பட்டியலும் போட்டுக் கட்டுகிற உலகங்களில் எனக்குப் பிடிக்காமல் போகிறவை, விலை இல்லாத மந்திரம் உள்ளவை. கையை ஆட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றால் எதற்குக் கவலைப்பட்டுப் படிக்க வேண்டும்? அந்த விதத்தில் அண்ணனின் புகார் சில புத்தகங்களுக்குப் பொருந்தும்.

மாயக் கதை படிப்பதை வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுவது என்று சொல்வார்கள். 1939-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பேசிய ஆங்கில மாயக் கதை எழுத்தாளர் டோல்கீன் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னார். சிறையில் இருப்பவன் வெளியே போக நினைப்பது வேறு, போர்க்களத்தை விட்டுப் படைவீரன் ஓடுவது வேறு, குறை சொல்கிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்றார். முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் இருந்தவர் அவர். அந்த வார்த்தைகளைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

நான் அதை உணர்ந்தது 'தானே' என்று பெயர் வைத்த புயலில். 2011 டிசம்பர் 30 விடியற்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்தன. ஊரில் பல இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பகலில் தண்ணீர்க் குடத்தோடு வரிசை, ஓடு பறந்த கூரைக்குத் தார்ப்பாய், சொந்தக்காரர்கள் யார் எப்படி இருக்கிறார்கள் என்ற விசாரிப்பு. இருட்டியதும் செய்ய ஒன்றும் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு மாயக் கதையை எடுத்தேன். தீவுகள், கப்பல், காற்றைக் கட்டுப்படுத்தும் மந்திரவாதி. எங்கள் ஊரைப் பிய்த்துப் போட்ட காற்றை ஒருவன் பெயர் சொல்லி அழைத்து அடக்குகிறான். அதைப் படிக்கும்போது எனக்குள் ஏதோ இறுக்கம் விட்டது. மறுநாள் மறுபடி குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். எந்த வேலையும் நிற்கவில்லை.

ஜூன் 14

மேலே எழுதியதைப் படித்த ஒரு பெரியவர், நாவுக்கரசரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது கல் தெப்பமாக மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதையும் மாயக் கதை என்பாயா அம்மா என்று கேட்டார். அப்படிச் சொல்லவில்லை ஐயா. அது நம்பிக்கை, நானும் கைகூப்புகிறவள்தான். கரையேறவிட்ட குப்பத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தப் பதிகம் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது, வியந்து நிற்கிற மனசு இந்த ஊர்க்காரர்களுக்குப் பழையது, அதை வளர்ந்த பிறகு கழற்றி வைக்க வேண்டியதில்லை என்பது.

ஜூன் 18

புதுச்சேரி லாஸ்பேட்டையில் படிக்கிற ஒரு மாணவி கேட்டிருக்கும் கேள்வியைத்தான் இத்தனை நாள் எதிர்பார்த்தேன். "கடத்திக்கொண்டு போய்த் தாலி கட்டுகிறவன், கன்னத்தில் அறைகிறவன் எல்லாம் இந்தக் கதைகளில் ஹீரோ. அதையும் இன்பம் என்று விட்டுவிடலாமா அக்கா?"

விட முடியாது.

இணையத்தில் தொடராக வரும் நாவல்களைப் பல வருஷமாகப் படிக்கிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரி வேலைக்குப் பேருந்தில் போய் வந்த காலத்தில் ஆரம்பித்தது. ரெட்டிச்சாவடியில் திறந்தால் ஒரு எபி, அதாவது ஒரு அத்தியாயம், முடிவதற்கும் தவளக்குப்பம் வருவதற்கும் சரியாக இருக்கும். யூடி (அடுத்த பகுதி) எப்போது, யூடி எப்போது என்று கீழே நூறு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள், நானும் அவர்களில் ஒருத்தி. அதனால் உள்ளே இருந்து சொல்கிறேன். ஆன்டி ஹீரோ என்று பெயர் வைத்து வருகிற கதைகளில் ஒரு பகுதி எனக்கு ஆகவே ஆகாது. அவன் அறைவான், அவள் அழுவாள், அவனுக்குச் சின்ன வயதில் நடந்த கொடுமை ஒன்று பின்கதையாக வரும், அவள் உடனே மன்னித்துவிடுவாள். வலுக்கட்டாயமாகக் கல்யாணம் செய்வதற்காகப் பெண்ணைக் கடத்தினால் நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 87-ஆம் பிரிவில் 10 வருஷம் வரை சிறை. கதையில் அதற்கு மேளம் கொட்டுகிறார்கள்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. அவள் "வேண்டாம்" என்று சொன்னால் அந்தக் கதையில் அதற்கு மதிப்பு இருக்கிறதா? அவன் முரடனாக இருக்கலாம், கோபக்காரனாக இருக்கலாம், முதல் பாதியில் சகிக்க முடியாதவனாகக்கூட இருக்கலாம். அவள் வேண்டாம் என்றதும் கதை நிற்க வேண்டும், அவன் நிற்க வேண்டும், அங்கிருந்து வேறு வழி தேட வேண்டும். அந்த வேறு வழிதான் காதல் கதை. மற்றதை நான் பாதியில் மூடிவிடுவேன்.

ஜூன் 19

நேற்று எழுதியது சுலபமாக முடிந்துவிட்டது என்று காலையிலிருந்து ஒரு நெருடல்.

அந்தக் கதைகளை விரும்பிப் படிக்கிற பெண்களை எனக்குத் தெரியும். அடிக்கிற புருஷனோடு வாழ்ந்து மீண்டு வந்த ஒருத்தியும் அதில் உண்டு. அவள் சொன்னாள்: "கதையில அவன் கடைசியில காலைப் பிடிச்சு அழுவான்க்கா. நிஜத்துல ஒருத்தனும் அழ மாட்டான்." அவளிடம் போய் நீ படிப்பது தப்பு என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. படிக்கிறவளுக்குக் கதை எது, வீடு எது என்று தெரியும். பயத்தைப் பத்திரமான இடத்தில் வைத்துத் திருப்பிப் பார்ப்பதும் வாசிப்பின் வேலைதான்.

ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணும் அதே தளத்தில் படிக்கிறாள், அவளுக்கு இன்னும் வீடு எது என்று தெரியாது. அதனால் படிக்கிறவர் மேல் பாய வேண்டாம், எழுதுகிறவரிடம் பேசுவோம். தொடர் நாவலில் அதற்கு வழி இருக்கிறது. ஒருமுறை ஒரு தொடரில் கல்யாண மண்டபத்தில் எல்லார் முன்னாலும் அறை விழுந்தது. கீழே நான் எழுதினேன்: இவள் இனி இவனை எதற்காக நம்ப வேண்டும், அதை எங்களுக்குக் காட்டுங்கள். இன்னும் பல பேர் சேர்ந்துகொண்டார்கள், சிலர் எங்களைத் திட்டினார்கள். எழுத்தாளர் இரண்டு வாரம் யூடி போடவில்லை. திரும்பி வந்தபோது கதாநாயகி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், தையல் வகுப்பில் சேர்ந்திருந்தாள், அவன் அடுத்த பன்னிரண்டு எபிக்குத் தெருமுனையில் நின்றான். நாவல் அச்சில் வந்தபோது அந்த அறையே இல்லை. அம்மாவின் பைண்டு ஓரத்தில் பென்சிலில் எழுதியவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது.

ஜூன் 22

மகள் ஆங்கிலத்தில் படிக்கிறாள். காதலும் டிராகனும் சேர்ந்த வகை. 2015 வாக்கில் சூடு பிடித்து, 2023-ல் ரெபெக்கா யாரோஸின் டிராகன் பள்ளிக் கதை வந்த பிறகு உலகம் முழுக்க ஓடுகிறது. தடித்தடியான புத்தகங்கள், பக்க ஓரத்தில் வண்ணம் பூசியவை. அவளுக்கு நம் குடும்ப நாவலைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஏம்மா, இவளுக்கு ஒரு தோழிகூட இல்லையா?" என்றாள். நல்ல கேள்வி. அவளுடைய நாவல்களில் கதாநாயகிக்கு உயிரைக் கொடுக்கும் தோழிகள் உண்டு, கையில் கத்தி உண்டு, அம்மாவும் அத்தையும் அநேகமாக இல்லை. நம் நாவல்களில் வீடு நிறைய ஆள், தோழி மட்டும் இல்லை. இரண்டும் சேர்ந்து, பாகூர் ஏரிக்கரையில் டிராகன் இறங்குகிற ஒரு நாவலை யாராவது தமிழில் எழுத வேண்டும். உடனே வாங்குவேன்.

ஜூன் 27

எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு.

புதுச்சேரி என்றால் ரொமான் ரோலான் நூலகம். 1827-ல், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் தொடங்கியது. தமிழ் நாவல் பகுதிக்கு நேரே போங்கள். பழைய புத்தகம் வேண்டுமானால் மகாத்மா காந்தி சாலையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. சட்டைக் குவியலுக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவே தரையில் விரித்திருப்பார்கள், மாத நாவல்கள் கட்டுக் கட்டாகக் கிடைக்கும்.

கடலூரில் மாவட்ட மைய நூலகம், பிறகு உங்கள் பகுதிக் கிளை நூலகம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தால் நம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. உங்கள் காசில் வாங்கிய நாவல்கள் அவை, கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். குடும்ப நாவல் அடுக்கில் ஏதாவது ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் தேதி முத்திரைத் தாள் நிரம்பி, அதன் மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் முக்கால்வாசி நிரம்பியிருக்கும். முதுகு பிரிந்து மறுபடி தைத்திருப்பார்கள். எந்தப் புத்தகம் நல்ல புத்தகம் என்று தெரியாதபோது நான் அந்தத் தாளைத்தான் பார்ப்பேன்.

ஜூலை 1

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். காதல் நாவல் படித்தால் சொல்வளம் கூடும், மன அழுத்தம் குறையும் என்று அண்ணனிடம் சொல்லலாமா என்று.

சொல்லாதீர்கள். கூடலாம், குறையலாம், ஆனால் அதற்காக நீங்கள் படிக்கவில்லை. பயனைக் காட்டி அனுமதி வாங்கினால் அடுத்த மாதம் பயனுக்குக் கணக்குக் கேட்பார். பிடித்திருக்கிறது அண்ணே, அதனால் படிக்கிறேன் என்று சொல்லுங்கள். அண்ணன் ராத்திரி கிரிக்கெட் பார்க்கும்போது யாரும் அவரிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்பதில்லை.

ஜூலையில் நெய்வேலி புத்தகக் கண்காட்சி வருகிறது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவேன். குடும்ப நாவல் போடுகிற பதிப்பகக் கடைகளில் சாயங்காலம் நிற்க இடம் இருக்காது, காலையிலேயே வந்துவிடுங்கள். முதலில் எதை வாங்குவது என்று தெரியாவிட்டால், நின்றபடியே முதல் அத்தியாயத்தைப் படியுங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். அவள் வாய் திறந்து பேசுகிறாளா, மந்திரம் என்றால் அதற்கு விலை இருக்கிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். இருந்தால் வாங்குங்கள். பையனுக்கும் ஒரு விக்கிரமாதித்தன் கதை எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதென்றால் பெரிய எழுத்தாகப் பார்த்து.